கழுவாத கையா, கட்டிக்கொண்ட பாலா?

பிள்ளை பெற்ற சில வாரங்களில் ஒரு பக்க மார்பு சிவந்து, தொட்டால் கொதித்து, குளிர்காய்ச்சலோடு படுத்துவிட்ட பெண்ணைச் சுற்றி இரண்டு கேள்விகள் எழும். ‘கை கழுவிட்டுத்தான் பால் கொடுத்தியா?’ என்பது ஒன்று. ‘பால் கட்டிக்கிச்சா? குழந்தை சரியா குடிக்கலையா?’ என்பது மற்றொன்று. முதல் கேள்வியை மருத்துவமனையும் அதன் சுவரொட்டிகளும் கேட்கும். இரண்டாவதை வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். மார்பக அழற்சியைப் பற்றிய மருத்துவச் சிந்தனையிலும் இதே இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று கையைப் பார்த்தது. மற்றது பாலைப் பார்த்தது. இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஆனால் சம அளவில் இல்லை. கையைப் பார்த்த கட்சி கண்டுபிடித்தது சரி. அந்தப் பாடத்தை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டுத் தாயிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதுதான் கோளாறு.

மருத்துவ ஆய்வில் கையின் கட்சிக்கு வயது அதிகம். 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டதிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. அங்கே பிரசவப் பிரிவுகள் இரண்டு. மாணவ மருத்துவர்கள் பிணவறையிலிருந்து நேராக வந்து பிரசவம் பார்த்த பிரிவில், மருத்துவச்சிகள் பார்த்த பிரிவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தாய்மார்கள் செத்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னதும் அந்த வேறுபாடு மறைந்தது. அது பிரசவக் காய்ச்சல்; கருப்பையில் தொடங்கும் நோய். மார்பகத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. இருந்தாலும் பிரசவ வார்டில் ‘கை’ என்றவுடன் எல்லோர் நினைவுக்கும் வருவது வியன்னாதான். அங்கே கழுவப்பட்டது வைத்தியம் பார்த்தவர்களின் கை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

மார்பகத்துக்கான கிருமி பின்னால் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880களின் தொடக்கத்தில் சீழ்க்கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்து, கொத்துக் கொத்தாகக் கிடந்த ஸ்டெஃபைலோகாக்கஸை அடையாளம் கண்டு பெயரிட்டார். மார்பில் கட்டும் சீழுக்கு இன்றைக்கும் முதல் குற்றவாளி அதன் ஓர் இனமான ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்தான். ஆரோக்கியமாக இருக்கும் பலருடைய மூக்கிலும் தோலிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும் கிருமி இது. கையால் மூக்கைத் தொட்டு, அதே கையால் இன்னொருவரைத் தொட்டால் போதும், இடம் மாறிவிடும்.

அது இடம் மாறியதன் விளைவை உலகம் பார்த்தது 1940களிலும் 50களிலும். மேலை நாட்டு மருத்துவமனைகளில் அப்போது பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வரிசையாகத் தொட்டிலிட்டு வைப்பது வழக்கம். செவிலியர் ஒருவர் பல குழந்தைகளைத் தூக்குவார், துடைப்பார், நாலு மணி நேரத்துக்கொரு தடவை தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார். பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைகள் இந்த அறைகளில் வேரூன்றின. அவற்றில் பேர்போனது 80/81 என்ற எண்ணால் அறியப்பட்டது. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் முதலில் அடையாளம் காணப்பட்டுப் பல நாடுகளுக்குப் பரவியது. குழந்தையின் மூக்கிலும் தொப்புளிலும் கிருமி ஏறும். குழந்தை நன்றாகவே இருக்கும். வீட்டுக்குப் போன பிறகு தாயின் மார்பில் சீழ் கட்டும். நோய் தலைகாட்டும்போது அவள் மருத்துவமனையை விட்டுப் போயிருப்பாள் என்பதால், தன் கையிலிருந்து போன கிருமிக்கு மருத்துவமனை கணக்கே வைக்கவில்லை.

இந்தப் பழியைக் காற்றின் மேல் போடுவதா, கையின் மேல் போடுவதா என்று சண்டை நடந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மார்ட்டிமரும் அவருடைய சகாக்களும் 1962இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தீர்த்துவைத்தது. கிருமியுள்ள ஒரு குழந்தையைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் மற்றக் குழந்தைகளைக் கவனித்தபோது அந்தக் குழந்தைகளுக்குக் கிருமி அதிகமாகவும் விரைவாகவும் ஏறியது. ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினியால் கை கழுவிவிட்டுத் தொட்டபோது குறைந்தது. அதே ஹெக்சாகுளோரோஃபீனைக் கொண்டு குழந்தைகளையே குளிப்பாட்டிய மருத்துவமனைகளும் உண்டு. அது தோல் வழியாக உள்ளே போய் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் என்று தெரியவந்தது. 1972இல் பிரான்சில் அந்த மருந்து மிதமிஞ்சிக் கலந்துபோன டால்கம் பவுடரால் குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டில் அமெரிக்கா அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. கையில் இருந்தவரை காப்பாற்றியது. குழந்தையின் உடம்பில் பூசியதும் நஞ்சானது. சுத்தம் என்பதை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் போனதன் விலை அது.

இப்போது மறு கட்சிக்கு வருவோம். பால் தேங்கியதால் வந்தது என்பது பாட்டிகள் எப்போதும் சொன்னதுதான். 1984இல் டென்மார்க்கைச் சேர்ந்த தாம்சனும் அவருடைய சகாக்களும் அதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். மார்பு வலியோடு வந்த தாய்மார்களின் பாலில் வெள்ளணுக்களையும் பாக்டீரியாவையும் எண்ணி அவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டும் குறைவாக இருந்தால் அது வெறும் பால் தேக்கம். வெள்ளணு மட்டும் அதிகமென்றால் கிருமியில்லாத அழற்சி. இரண்டும் அதிகமென்றால் தொற்று. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி: அதே சிவப்பு, அதே வலி. கிருமியே இல்லாமல் ஒரு பெண்ணுக்கு இவ்வளவும் வரலாம் என்பது கையின் கட்சியால் விளக்க முடியாத செய்தி.

அது எப்படி நேர்கிறது என்பதும் பின்னால் ஓரளவு விளங்கியது. பால் சுரக்கும் நுண்பைகள் நிறைந்து விம்மும்போது அவற்றின் சுவரில் செல்களை இறுகப் பிணைத்திருக்கும் இணைப்புகள் தளர்கின்றன. இரத்தத்திலிருந்து உப்பு பாலுக்குள் கசிகிறது. பாலிலுள்ள பொருள்கள் சுற்றியுள்ள திசுவுக்குள் கசிகின்றன. உடம்பு அதைக் காயமாக எடுத்துக்கொண்டு வீங்குகிறது, காய்ச்சல் அடிக்கிறது. உப்புக் கரிக்கும் அந்தப் பக்கத்துப் பாலைச் சில குழந்தைகள் வாயில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்டு. குழந்தை மறுத்தால் பால் இன்னும் தேங்கும்.

அதே டென்மார்க் ஆய்வில், தொற்று உள்ளவர்களிடையே கிடைத்த விளைவு இரண்டு கட்சிகளையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. எந்தச் சிகிச்சையும் இல்லாதவர்களில் நல்லபடி குணமானவர்கள் 15 விழுக்காடு. பாலைத் தவறாமல் வெளியேற்றியவர்களில் 50. பாலை வெளியேற்றி, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் எடுத்தவர்களில் 96. கிருமி உள்ளவர்களுக்கே பாதி வேலையைப் பால் வெளியேறியது செய்திருக்கிறது. மீதியை மருந்து செய்தது. இதையெல்லாம் தொகுத்து 2000இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கையேடு, மார்பக அழற்சிக்கு முக்கியக் காரணங்கள் பால் தேக்கம், தொற்று ஆகிய இரண்டும்தான் என்றும், பெரும்பாலும் முதலில் வருவது தேக்கமே என்றும் சொன்னது.

இரண்டு கட்சிகளும் நேருக்கு நேர் மோதும் இடம் ஒன்று உண்டு: முலைக்காம்பு. கையின் கட்சியைப் பின்பற்றியவர்கள் கையோடு நிற்கவில்லை. ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்னும் காம்பைச் சோப்புப் போட்டுக் கழுவு, ஸ்பிரிட் தொட்டுத் துடை என்று தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றும் சில வீடுகளில் இது நடக்கிறது. பாலின் கட்சி இதைத் தலைகீழாகப் பார்க்கிறது. காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தில் சின்னச் சின்னப் புடைப்புகளாகத் தெரிபவை மாண்ட்கோமரி சுரப்பிகள். அவை கசியவிடும் எண்ணெய்ப்பசை அந்தத் தோலை வறளாமல் காக்கிறது. சோப்பும் ஸ்பிரிட்டும் அதைத்தான் முதலில் எடுத்துவிடுகின்றன. காய்ந்த தோல் வெடிக்கிறது. வெடிப்பு கிருமிக்குக் கதவு. தொற்றைத் தடுக்கச் செய்த காரியமே தொற்றுக்கு வழி திறந்துவிடுகிறது.

குழந்தைக்கும் இதில் ஒரு கருத்து இருக்கிறது. வரெண்டியும் அவருடைய சகாக்களும் 1994இல் லான்செட் இதழில் எழுதியது: பிறந்தவுடன் தாயின் நெஞ்சில் படுக்கவைத்து, ஒரு மார்பைக் கழுவியும் மற்றதைக் கழுவாமலும் விட்டுப் பார்த்தார்கள். 30 குழந்தைகளில் 22 குழந்தைகள் தாமாகவே கழுவாத மார்பைத் தேடிப் போயின. பிறந்த குழந்தை மணத்தால் வழி கண்டுபிடிக்கிறது. ‘சுத்தமாகத் துடைத்துக் கொடு’ என்று செவிலியரோ மாமியாரோ சொல்லும்போது அழிவது அந்த வழியும்தான். காம்புக்குத் தினசரிக் குளியல் போதும். அங்கே சோப்பே வேண்டாம்.

இரண்டும் கைகோக்கும் இடமும் அதே காம்புதான். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 346 தாய்மார்களைப் பிரசவத்துக்குப் பின் எட்டு வாரம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மார்பக அழற்சி வந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தால் காம்பு புண்ணானவர்கள், தேவைக்கு மீறிப் பால் சுரந்தவர்கள், காம்பின் மேல் உறை வைத்துப் பால் கொடுத்தவர்கள், நாளில் பல முறை பாலைப் பீய்ச்சியவர்கள். அவர்களோடு, காம்பிலோ பாலிலோ ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இருந்தவர்களும். கிருமி பட்டியலில் இருக்கிறது, ஆனால் புண்ணும் மிகைச் சுரப்பும் அதைவிட மேலே இருக்கின்றன. காம்பு புண்ணாவதற்கு முதல் காரணம் குழந்தை வாய் வைக்கும் முறை. கருவளையத்தையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வாமல் நுனியை மட்டும் பிடித்துச் சப்பினால் தோல் நசுங்கிக் கிழியும். அப்படிச் சப்பும் குழந்தையால் பாலை முழுதாக எடுக்கவும் முடியாது. ஒரே பிழையால் கதவும் திறக்கிறது, பாலும் தேங்குகிறது.

அதே நகரில் 2006இல் வெளியான இன்னோர் ஆய்வு எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. அழற்சி வந்த தாய்மாரையும் வராத தாய்மாரையும் ஒப்பிட்டு, அவர்களுடைய மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இரு தரப்பிலும் வேறுபாடில்லை. குழந்தைகளின் மூக்கில் வேறுபாடு இருந்தது: நோய்ப்பட்ட தாய்மாரின் குழந்தைகளிடம் கிருமி கூடுதலாக இருந்தது. தாய் எத்தனை தடவை கை கழுவினாலும், மார்பில் முகம் புதைத்துப் பால் குடிக்கும் குழந்தையின் மூக்கை என்ன செய்வாள்? அந்த மூக்குக்குக் கிருமி எப்படிப் போனது என்று பின்னோக்கிப் போனால், குழந்தையைத் தூக்கிய கைகளைத்தான் எண்ண வேண்டியிருக்கும். கிளீவ்லாந்து சொன்னதும் அதுதான்.

இதற்காகத் தாயின் கையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட முடியாது. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மன் மருத்துவர்கள் சிலர், பால் கொடுக்கும் தாயின் கைச்சுத்தமே மார்பக அழற்சியைத் தடுப்பதில் மையமானது என்று வாதிட்டு ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். கழிப்பறை போய்வந்த பின், குழந்தையின் மலத்துணி மாற்றிய பின், காம்பில் புண் இருந்து அதைத் தொடும் முன், பாலைக் கையால் பீய்ச்சும் முன், பம்பைத் தொடும் முன் கழுவியே ஆக வேண்டும். பம்பு விஷயத்தில் கையின் கட்சிக்கே என் வாக்கு. பால் ஒட்டிய குழாயும் புனலும் கிருமிக்கு விருந்து. ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவிக் காயவைக்காத பம்பைவிட பம்பே இல்லாமல் இருப்பது மேல்.

பாலின் கட்சியும் மிகையிலிருந்து தப்பவில்லை. தேங்கினால் கெடும் என்பதைப் பிடித்துக்கொண்டு, சொட்டு விடாமல் காலி செய், கட்டியை அழுத்திப் பிசைந்து கரை, சுடச்சுட ஒத்தடம் கொடு என்று போனார்கள். 2022இல் அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்ற மருத்துவர் அமைப்பு வெளியிட்ட புதிய நெறிமுறை இதைக் கடுமையாகத் திருத்தியது. மார்பைக் காலி செய்யச் செய்ய அது இன்னும் சுரக்கும்; சுரக்கச் சுரக்க வீக்கம் கூடும். அழுத்திப் பிசைவது உள்ளே நுண்ணிய இரத்தக் குழாய்களையும் திசுவையும் காயப்படுத்தும். குழந்தைக்குப் பசித்தபோது வழக்கம்போலக் கொடு, கூடுதலாகப் பீய்ச்சாதே, பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வை, வீக்கமும் வலியும் குறைய மாத்திரை எடு என்கிறது அது. சூட்டு ஒத்தடத்திலேயே வளர்ந்த நம் வீடுகளில் இந்தப் பனிக்கட்டியை ஏற்றுக்கொள்வது சுலபமில்லை. பச்சை உடம்பில் குளிர்ச்சியா என்று கேட்பார்கள்.

நம் பழக்கம் எல்லாமே தவறு என்பதும் அவசரத் தீர்ப்பு. குழந்தையை இழந்த தாய்க்கோ பால் நிறுத்த வேண்டியவளுக்கோ மார்பில் மல்லிகைச் சரம் வைத்துக் கட்டுவது இங்கே பழைய வழக்கம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதைப் பால் சுரப்பை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988இல் ஆய்வு வெளியிட்டார்கள். பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டினின் அளவை இரத்தத்தில் குறைப்பதில் மாத்திரைதான் முந்தியது; ஆனால் பால் வற்றுவதிலும் மார்பு கட்டிக்கொள்ளாமல் இருப்பதிலும் மல்லிகை மாத்திரைக்குச் சளைக்கவில்லை. பாலை நிறுத்தக் கூடாதவர்கள் பால் கட்டியது என்று மல்லிகை வைத்தால் விளைவு எதிர்மாறாகும் என்பதையும் இதோடு சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த இரண்டு கட்சிகளுக்கும் அரசு ஏதோ ஒன்று செய்திருக்கிறது. 2015இல் அரசு மருத்துவமனைகளில் பிரசவித்தவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில், சௌபாக்கிய சுண்டி லேகியத்தோடு தாய் கை கழுவுவதற்கான திரவமும் இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. முதலாவது கைக்கானது, இரண்டாவது தேக்கத்துக்கானது. பயணத்தில் பால் கொடுக்க இடமில்லாமல் மார்பு கல்லாகிப்போன பெண்களுக்கு அந்த அறையின் அருமை தெரியும். ஆனால் இரண்டுமே ‘உனக்கு இதைத் தந்துவிட்டோம், இனி நீ பார்த்துக்கொள்’ என்று தாயின் பொறுப்பில் விடுகின்றன. கை கழுவும் திரவம் கொடுத்த வார்டில் கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் குழாய் இருக்கிறதா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது; 44.9 விழுக்காடு சிசேரியன். வயிற்றில் தையலோடு படுத்திருப்பவள் பால் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்து வராந்தா முனைக்கு நடந்து கை கழுவிவிட்டு வருவாள் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா?

அந்த வார்டில் கழுவ வேண்டிய கைகள் வேறு. கட்டிலுக்குக் கட்டில் போகும் செவிலியர், மாணவ மருத்துவர், துப்புரவுப் பணியாளர், பார்க்க வந்து குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சும் சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர். பேருந்தில் கம்பி பிடித்து வந்த கையோடு குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். ‘கை கழுவிட்டு வாங்க மாமா’ என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வராது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் வாசலில் நிற்கும் காவலரும், வீட்டிலென்றால் குழந்தையின் அப்பாவும்.

பால் தேங்கும் விஷயத்தில் தாய்க்கு இல்லாதது நேரம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தின்படி விடுப்பு 26 வாரம் வரை; 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நாலு முறை அங்கே போய்வரலாம். செங்கல் சூளையிலும் வீட்டு வேலையிலும் இருப்பவளுக்கு இந்தச் சட்டம் எட்டாது. இரண்டு வேளை பால் கொடுக்காமல் நின்றுவிட்டு மூன்றாம் வேளை காய்ச்சலோடு வருபவளிடம் சுத்தமாக இருந்தாயா என்று கேட்பது அநியாயம். ‘குழந்தையை ஒழுங்காகப் பிடித்துக் கொடுத்திருந்தால் வந்திருக்குமா?’ என்பதும் அதே அநியாயம்தான். கட்சி எதுவானாலும் கடைசியில் பழி தாயின் தலையில் வந்து விடிகிறது.

என் தீர்ப்பு இது. மருத்துவமனையில் கை முதலில்; அதுவும் தாயையும் குழந்தையையும் தொடுகிறவர்களின் கை. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் கலந்த திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. வீட்டுக்கு வந்த பின், குழந்தை வாய் வைப்பதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சரிசெய்வது முதலில். காம்பைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பது இரண்டு இடத்திலும் வேண்டாம்.

வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால் இதை மட்டும் மனத்தில் வையுங்கள். மார்பில் சிவப்பும் காய்ச்சலும் ஒரு நாளுக்குள் இறங்கவில்லை என்றாலோ, காம்பு வெடித்திருந்தாலோ, கட்டி கையில் தட்டுப்பட்டாலோ மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். அவர் நிறுத்தச் சொல்லாதவரை அந்தப் பக்கத்துப் பாலைக் குழந்தைக்குக் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். பெரும்பாலான அழற்சியில் அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் செய்வதில்லை.